கறுப்புக் கண்ணாடி: முகத்துக்கா, கண்ணுக்கா?



கடந்த பள்ளி விடுமுறையில் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் மறைந்த என் தந்தையாரின் நிழற்படம் கிடைத்தது. கோல சிலாங்கூர் பட்டணத்து நிழற்படக் கடையில் 1972ஆம் ஆண்டில் எடுத்த படம். அப்போது அவருக்கு இருபது வயது. வாரிச் சீவிய தலை, தோளில் நிற்காத பெரிய கோட்டு, கண்களில் கறுப்புக் கண்ணாடி! கோட்டும் கண்ணாடியும் அவருடையவை அல்ல. படம் எடுக்க வருபவர்களுக்காகக் கடைக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்தவை. சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்து இளைஞர்கள் ஆறு பேர் சைக்கிளில் சென்று, அதே கோட்டையும் அதே கண்ணாடியையும் மாற்றி மாற்றி அணிந்து ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்களாம். இதை அப்பா பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கண்ணாடி அப்பாவின் முகத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. சிறிய முகத்தில் பாதியை அது விழுங்கிவிட்டிருந்தது. ஆனாலும் அவர் நின்ற நிலையில் ஒரு பெருமிதம் இருந்தது.

இதே அப்பாவுக்கு 2009ஆம் ஆண்டில் இரு கண்களிலும் சதை வளர்ந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி அணியுமாறு மருத்துவர் சொன்னார். நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டதற்கு, "இந்த வயசுல எனக்கு என்னாம்மா ஸ்டைலு? பாக்குறவன் சிரிப்பான்" என்றார்.

இருபது வயதில் படத்துக்காக ஆசையோடு அணிந்தவர், ஐம்பத்தேழு வயதில் கண்ணுக்காக அணிய வெட்கப்பட்டது ஏன்? இந்தக் கேள்வியே என்னைக் கறுப்புக் கண்ணாடியின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

தொழிலாளியின் கண்ணுக்காகப் பிறந்தது

கறுப்புக் கண்ணாடி அழகுப் பொருளாகப் பிறக்கவில்லை. வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், எலும்பிலும் மரத்திலும் தந்தத்திலும் மெல்லிய கீறல் போட்டுக் கண்ணுக்குக் கட்டிக்கொண்டார்கள். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் குருடாக்கிவிடும் என்பதால் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது இன்றியமையாத கருவியாக இருந்தது. அதில் கண்ணாடியே கிடையாது; கீறல் மட்டுந்தான்!

பின்னர் இங்கிலாந்தில் ஒரு சிக்கல் எழுந்தது. உலைக்கு முன்னால் நின்று கண்ணாடி உருக்கும் தொழிலாளர்களுக்கு விரைவிலேயே கண்புரை வந்தது. இதற்குத் தீர்வு காணும் பணியில் 1909ஆம் ஆண்டு முதல் ஈடுபட்டவர் சர் வில்லியம் குரூக்ஸ் என்னும் அறிவியலாளர். முந்நூறுக்கும் மேற்பட்ட கலவைகளில் கண்ணாடி உருக்கிப் பார்த்து, கண்ணுக்குத் தீங்கு செய்யும் புற ஊதாக் கதிர்களையும் வெப்பக் கதிர்களையும் தடுக்கும் வில்லைகளை அவர் உருவாக்கினார். அந்த ஆய்வு 1914ஆம் ஆண்டில் வெளியானது. கறுப்புக் கண்ணாடியின் அறிவியல், உலைக்கூடத் தொழிலாளியின் கண்ணிலிருந்துதான் தொடங்கியது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இன்று கடைகளில் அதிகம் விற்கும் கண்ணீர்த்துளி வடிவக் கண்ணாடியின் கதையும் இதுவே. உயரப் பறக்கும் அமெரிக்க விமானிகளின் கண் கூசாதிருக்க, பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியில் அதை வடிவமைத்தது. 1937ஆம் ஆண்டில் 'ரேபான்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதன் வில்லை ஏன் கீழ்நோக்கிச் சரிந்து அகன்றிருக்கிறது? விமானி நேரே வானத்தையும் பார்க்க வேண்டும், குனிந்து கருவிகளையும் பார்க்க வேண்டும். இரண்டு பார்வைக்கும் வில்லை மறைப்பாக இருக்க வேண்டும். ஆக, அந்த வடிவத்தை முடிவு செய்தது முகம் அன்று, வேலை!

அந்தக் கருவியை அழகுப் பொருளாக்கியவை கடற்கரையும் போரும் திரைப்படமும் ஆகும். 1929ஆம் ஆண்டில் சாம் ஃபாஸ்டர் என்பவர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் மலிவு விலைக் கறுப்புக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கினார். 1944ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸின் லெய்த்தே கடற்கரையில் தண்ணீரில் நடந்து இறங்கிய ஜெனரல் மெக்ஆர்தரின் படம், விமானிக் கண்ணாடியை உலகமெங்கும் கொண்டு சென்றது. பெண்களுக்காக, மூலைகள் மேல்நோக்கி உயர்ந்த 'பூனைக்கண்' வடிவத்தை 1930களில் அல்டினா ஷினாசி என்ற பெண்மணி உருவாக்கினார். நாடகத்தில் கோமாளி அணியும் முகமூடியே அவருக்கு வழிகாட்டியது. நெகிழியை வார்க்கும் தொழில்நுட்பம் வளர்ந்தபின், 1952ஆம் ஆண்டில் தடித்த சட்டம் கொண்ட 'வேஃபேரர்' வந்தது.

துரையின் முன்னால்...

இனி நம் மண்ணுக்கு வருவோம். உலக வரலாற்றில் கோல சிலாங்கூருக்கு ஓர் இடம் உண்டு என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முன்னரே அவர் ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டவர். மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றது. தென்னமரம் என்ற பெயரைக் கேட்டவுடனே அங்கு உழைத்தவர்கள் யார் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது அல்லவா?

உலைத் தொழிலாளியின் கண்ணுக்குக் கவசம் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாண்டுகளில் இந்தத் தோட்டம் தோன்றியது. ஆனால் அந்தக் கவசம் தோட்டத் தொழிலாளியின் கண்ணுக்கு வந்து சேரவில்லை. விலை ஒரு காரணம். மற்றொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்து, சிலாங்கூர் தோட்டங்கள் பலவற்றுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை நாம் அறிவோம். ஆர். எச். நாதன் அவர்கள் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு, துரைமார்களும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமையும் கேட்கப்பட்டது! சைக்கிளில் அமர்ந்தபடி செல்வதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது. அக்காலத்தில் ஒரு தொழிலாளி கறுப்புக் கண்ணாடி அணிந்து, துரையை நிமிர்ந்து பார்த்தபடி பெரட்டுக் களத்தில் நின்றிருக்க முடியுமா? கண்ணை மறைத்துக்கொண்டு பேசுவது பெரியவர்களை அவமதிப்பது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. துரை கண்ணாடியைக் கழற்றாமல் பேசினால் அது தோரணை; தொழிலாளி அணிந்தாலோ அது திமிர்!

திரையிலிருந்து திடலுக்கு

அந்தத் திமிரை நம்மவர்கள் ஆசையோடு பார்த்துப் பழகியது திரைப்படத்தில். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாயை விரித்து, கடலையைக் கொறித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த கூட்டத்துக்கு எம்.ஜி.ஆர். வெறும் நடிகர் அல்லர். 1977ஆம் ஆண்டில் அவர் தமிழக முதலமைச்சரானபின், வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளமாகவே நிலைத்துவிட்டன. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தபோது, மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட உடலிலும் அந்தத் தொப்பியும் கண்ணாடியும் இருந்தன. அந்தப் படம் வந்த நாளேட்டை அப்பா பல ஆண்டுகள் மடித்து வைத்திருந்தார்.

கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் கறுப்புக் கண்ணாடியோ வேறு வகை. 1953ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய கண் பாதிக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண் சிகிச்சை பெற்றார். அதன்பின் அணிந்த கறுப்புக் கண்ணாடியை 46 ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டில்தான் மாற்றினார். அது நாளேடுகளில் செய்தியானது! கலைஞர் கண்ணாடி அணிந்தது கண்ணுக்காக. ஆனால் மக்கள் அதை முகத்தின் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நமக்கு வேண்டுமா? அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த தலைமுறைக்கு ரஜினிகாந்த். கண்ணாடியைச் சுழற்றி அணியும் அவருடைய பாணியைப் பள்ளித் திடலில் செய்து பார்த்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்ட மாணவர்கள் எத்தனை பேர்! 2016ஆம் ஆண்டில் பா. இரஞ்சித் இயக்கத்தில் வந்த 'கபாலி', நம் நாட்டிலேயே படமாக்கப்பட்டது. தோட்டப் பாட்டாளி மக்களின் வழிவந்த ஒருவர் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, எனக்கு நினைவில் வந்தது அப்பாவின் 1972ஆம் ஆண்டுப் படம்தான். இரவல் கோட்டு, இரவல் கண்ணாடி. ஆனால் அந்த நிமிர்வு இரவல் அன்று.

எந்த முகத்துக்கு எது?

அப்பாவுக்கு அந்தக் கண்ணாடி பொருந்தாததற்குக் காரணம் எளிது: ஆறு முகங்களுக்கு ஒரே சட்டம்! பெற்றோர்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கணிதப் பாடத்தின் வடிவங்களை நினைவில் வைத்திருந்தாலே போதும்.

முதலில் முகத்தின் வடிவத்தைக் கண்டறிய வேண்டும். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடிக்கு நேராக நின்று, சிறு சோப்புத் துண்டால் முகத்தின் வெளிக்கோட்டைக் கண்ணாடியின் மேலேயே வரையுங்கள். என் மாணவர்கள் இதை ஒரு விளையாட்டாகவே செய்தார்கள்.

வட்ட முகம்: அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், கன்னம் உப்பியிருக்கும். இதற்கு மூலைகள் தெளிவான செவ்வகச் சட்டமும் வேஃபேரர் வகையும் பொருந்தும். வட்டக் கண்ணாடி முகத்தை மேலும் உருண்டையாகக் காட்டும்.

சதுர முகம்: நெற்றியும் தாடையும் அகன்று, தாடை எலும்பு தெரியும். வட்ட, நீள்வட்டச் சட்டங்கள் அந்தக் கடுமையைத் தணிக்கும். விமானிக் கண்ணாடியும் ஏற்றது.

நீண்ட முகம்: உயரம் அதிகமான பெரிய வில்லைகள் முகத்தின் நீளத்தைக் குறைத்துக் காட்டும். சிறிய, குறுகிய சட்டம் வேண்டா.

இதய வடிவ முகம்: நெற்றி அகன்று, மோவாய் கூர்ந்திருக்கும். கீழ்ப்பகுதி அகன்ற விமானிக் கண்ணாடி இதற்குப் பொருந்தும். மேல்பகுதி கனத்த சட்டம் நெற்றியை இன்னும் பெரிதாகக் காட்டும்.

வைர வடிவ முகம்: கன்ன எலும்பு அகன்று, நெற்றியும் மோவாயும் குறுகியிருக்கும். பூனைக்கண் வடிவமும் நீள்வட்டமும் எடுப்பாக இருக்கும்.

நீள்வட்ட முகம்: ஏறத்தாழ எல்லா வகையும் பொருந்தும். முகத்தின் அகலத்தை மீறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவற்றின் அடிப்படை ஒன்றே: முகத்தில் வளைவு மிகுந்திருந்தால் சட்டத்தில் கோணம் வேண்டும், முகத்தில் கோணம் மிகுந்திருந்தால் சட்டத்தில் வளைவு வேண்டும். சிரிக்கும்போது சட்டம் கன்னத்தில் இடிக்கக் கூடாது. நம் நாட்டு வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கி இறங்கவும் கூடாது.

ஆயினும், இவை வெறும் வழிகாட்டிகள்தாம், சட்டங்கள் அல்ல. முகத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம், முகத்துக்குள் இருக்கும் கண்ணைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறோம் என்பதே என் கேள்வி.

அண்ணாந்து பார்த்த கண்கள்

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் விடியுமுன்னே வேலைக்குப் போனார்கள். வேலையின் பெரும்பகுதி நிழலில் நடந்தது. கத்தி பிடித்தவரின் பார்வை மரப்பட்டையின் மேல் இருந்தது. நம் வட்டாரத் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது, பயிரோடு சேர்ந்து தொழிலாளியின் பார்வையும் திசை மாறியது. குலை வெட்டுபவர் நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளோடு அண்ணாந்து பார்க்க வேண்டும். மட்டைக்கு ஊடே வெயில் நேராகக் கண்ணில் விழும். வெட்டும்போது தூசியும் பூந்தூளும் சிராய்களும் முகத்தில் கொட்டும். புதுக்கன்று நட்ட வெட்டவெளிக் காட்டில் புல் வெட்டுபவர்களுக்கும் மருந்து அடிப்பவர்களுக்கும் நிழலே கிடையாது. அப்பா இந்த வேலைகள் எல்லாவற்றையும் செய்தவர்.

வெண்விழியின் மேல் தொடங்கி, கருவிழியை நோக்கி இறக்கை போல வளரும் சதையை மருத்துவர்கள் 'டெரிஜியம்' என்கிறார்கள். நெடுங்காலம் வெயிலில் உழைப்பவர்களிடம் அது அதிகம் காணப்படுகிறது. புற ஊதாக் கதிர்களோடு தூசியும் காற்றும் சேர்ந்து அதைத் தூண்டுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள வெப்ப நாடுகளில் அது பரவலாக இருக்கிறது. நம் கோல சிலாங்கூரோ நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில்தான் இருக்கிறது! அதே கதிர்கள் கண்புரைக்கும் ஒரு காரணம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத் துறைக்கும் பொருந்தும். தொழிலாளியின் பாதுகாப்பை உறுதி செய்வது முதலாளியின் கடமை என்று அது கூறுகிறது. ஆனால் அப்பாவின் இளமை அதற்கு முன்பே காட்டில் கழிந்துவிட்டது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடியின் கருமை பாதுகாப்பு ஆகாது. புற ஊதாக் கதிர்களைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, வெறுங்கண்ணைவிடக் கேடு செய்யக்கூடும். ஏனெனில் இருட்டில் கண்ணின் பாவை விரியும்; விரிந்த வாசல் வழியாகக் கதிர்கள் அதிகமாக நுழையும். ஆகவே 'யூவி 400' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதாவது 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களை அது தடுக்க வேண்டும். கருமையின் அளவை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நம் வெயிலுக்கு மூன்றாம் வகை போதும். அது ஒளியில் 8 முதல் 18 விழுக்காடு வரை உள்ளே விடும். நான்காம் வகையை அணிந்து வாகனம் ஓட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையே நல்லது. இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குத் தொங்கும் விளையாட்டுக் கண்ணாடியை வெயிலுக்காக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

திடலில் நான் செய்த தவறு

இவ்வளவும் எழுதிவிட்டு ஓர் உண்மையைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கறுப்புக் கண்ணாடி அணிந்து திடலுக்கு வந்தாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். நான் அவர்களைக் கண்டித்திருக்க வேண்டும். மாறாக, "இது என்ன சினிமாவா? கழற்றி வை" என்று அவளைத்தான் அதட்டினேன். அவள் ஒரு சொல்லும் பேசாமல் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி வரிசையில் நின்றாள்.

மறுநாள் காலை அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் மருத்துவரின் சீட்டு இருந்தது. பிள்ளைக்குக் கண்ணில் ஒவ்வாமையாம். வெயில் பட்டால் எரிச்சலும் நீரும் வருமாம். "டாக்டருதான் போடச் சொன்னாரு டீச்சர். முன்னாடியே உங்ககிட்ட சொல்லாதது என் தப்புதான்" என்றார் அந்தத் தாய். தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்டவர் அவர். எனக்குத் தலை நிமிரவில்லை. அன்று காலைச் சபைக்கூடலில் எல்லா மாணவர்களின் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். அவள் மீண்டும் கண்ணாடியை அணிந்துகொண்டாள். ஆனால் பயிற்சி முடியும் வரை அவள் பார்வை என் பக்கம் திரும்பவில்லை.

"பாக்குறவன் சிரிப்பான்" என்று அப்பா சொன்னாரே, அந்தப் 'பாக்குறவன்' வேறு யாருமல்லர். அன்று திடலில் நின்ற நானேதான்!

ஆசிரியர்களே, பெற்றோர்களே! தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் திறந்த திடலும் நண்பகல் வெயிலும் மாறவில்லை. உங்கள் பிள்ளை கறுப்புக் கண்ணாடி கேட்டால் 'சினிமாப் பைத்தியம்' என்று விரட்டாதீர்கள். முகத்துக்கு ஏற்றதை அவன் தேர்ந்தெடுக்கட்டும்; கண்ணுக்கு ஏற்றதா என்பதை நீங்கள் பாருங்கள். இன்னும் காட்டில் வேலை செய்யும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவர்கள் அணிந்து வெளியே வரும் முதல் நாளில், "நன்றாக இருக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி, இன்னும் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாமல் அலமாரியில்தான் இருக்கிறது.